கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி பக்கம் சைக்கிள் ஓட்ட ஆரம்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிப்காட் ஷிஃப்ட், வங்கி, பள்ளிக்கூடம், தினமும் பெங்களூர் போய்வரும் ஐ.டி. வேலை என்று பல இடங்களில் இருப்பவர்கள் சைக்கிளைக் கையில் எடுத்ததும் கேட்பவை இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். வேறு ஊர்க்காரர்களுக்காகச் சொன்ன யோசனை இங்கே பாதிதான் எடுபடும். ஓசூர் மேட்டில் இருக்கிறது, கிருஷ்ணகிரி பள்ளத்தில், ஒகேனக்கல் படுபள்ளத்தில். பதில்கள் அந்த மேடுபள்ளத்தை வைத்துத்தான்.

ஸ்கூல்ல ஓட்டினதோட சரி. இப்ப வயசு 27. முதல் நாள் எவ்வளவு தூரம் போகலாம்?

8 முதல் 10 கி.மீ. போதும். கிருஷ்ணகிரி டவுனில் இருப்பவர்கள் கே.ஆர்.பி. அணைப் பாதையில் 4, 5 கி.மீ. போய்த் திரும்பினால் கணக்கு சரியாக இருக்கும். ஓட்டும்போது முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் வேகம் அதிகம். வாரம் மூன்று நாள் ஓட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 5 கி.மீ. கூட்டினால் மூன்று மாதத்தில் 40 கி.மீ. சாதாரணமாக வரும்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 50 கி.மீ. போய்விட்டு அடுத்த மூன்று வாரம் சைக்கிளைத் தொடாதவர்கள்தான் அதிகம். அப்படி நின்றுபோன சைக்கிள்கள் மாடிப்படிக்குக் கீழே நிறையவே இருக்கின்றன.

பதினஞ்சாயிரம் இருக்கு. கியர் வண்டி எடுக்கவா, சாதா வண்டி எடுக்கவா?

காவேரிப்பட்டணம், தருமபுரி டவுன் என்று சமதளத்தில் ஓட்டினால் கியர் இல்லாத வண்டியே தாராளம். ஓசூர், சூளகிரி, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் கியர் வேண்டும். அந்த விலைக்கு 700×35 டயர் (35 மி.மீ. அகலம்) போட்ட ஹைபிரிட், அதாவது ரோடு வண்டிக்கும் மலை வண்டிக்கும் நடுவான வகை, வாங்குங்கள். முன்னால் சஸ்பென்ஷன் இல்லாமல் நேர் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) இருந்தால் இன்னும் நல்லது. மலிவு சஸ்பென்ஷன் எடையைக் கூட்டும், மேட்டில் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போய்விடும். தடித்த டயர், இரட்டை சஸ்பென்ஷன் வைத்துப் பார்க்க பைக் மாதிரி இருப்பதை வாங்காதீர்கள்.

ஃபிரேம் அளவு முக்கியம். வண்டியின் மேல் குழாயின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால் குழாய்க்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் முதல் நான்கு விரல் வரை இடம் இருக்க வேண்டும். தள்ளுபடி கிடைக்கிறதென்று பெரிய ஃபிரேம் எடுத்தால் பிறகு எதை மாற்றினாலும் சரியாகாது. ஹெல்மெட், பின் சிவப்பு விளக்கு, கையால் அடிக்கும் பம்ப் மூன்றுக்கும் சேர்த்து ஒரு 2,500 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஆன்லைன்ல வாங்கினேன், பெட்டியில வந்துச்சு. நானே மாட்டினேன். திருப்பும்போது ஷூ முன் டயர்ல இடிக்குது, ஏன்?

பெரும்பாலும் ஃபோர்க் பின்பக்கம் திரும்பியிருக்கும். சீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது முன் டிஸ்க் இடது பக்கம் இருக்க வேண்டும். வலது பக்கம் இருந்தால் ஃபோர்க்கைத் திருப்பிவிட்டு ஹேண்டில்பாரை நேராக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். டிஸ்க் இல்லாத வண்டியில் பிரேக் கட்டைகள் ஃபோர்க்குக்கு முன்புறம் தெரிய வேண்டும்.

அடுத்த பெரிய தப்பு பெடல். இடது பெடலின் மரை தலைகீழ். பெடல் முனையில் எல், ஆர் என்று பொறித்திருக்கும். எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரை முன் சக்கரத்தை நோக்கிச் சுற்றினால் இறுகும். முதல் நாலைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். விரலுக்குப் போகாததை ஸ்பேனரால் ஏற்றினால் கிராங்கின் (பெடல் மாட்டும் கை) அலுமினிய மரை அறுந்துவிடும். பெடல் 20, 30 கி.மீ. தாங்கும், பிறகு மரையோடு கழன்று விழும். பெடலை மட்டும் மாற்றினால் போதாது, கிராங்கையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஹேண்டில்பார் ஆடினால் மேலே இருக்கும் ஒற்றை போல்ட்டை மட்டும் முறுக்காதீர்கள். பக்கவாட்டில் இருக்கும் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, மேல் போல்ட்டை ஆட்டம் நிற்கும் வரை மெதுவாகச் சுற்றி, சக்கரத்தோடு ஹேண்டிலை நேர் பார்த்து, பிறகு பக்க போல்ட்டுகளை இறுக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளும்போது கழுத்தில் 'டக் டக்' என்று கேட்டால் இன்னும் லூஸ்.

சீட்டு எவ்வளவு உயரம் வைக்கணும்? கால் தரையில படணுமே?

சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்தால் சீட்டு தாழ்வு. சுவரைப் பிடித்து உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுபோய்க் குதிகாலை அதன் மேல் வையுங்கள். முட்டி நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருப்பதால் முட்டி தானாகவே கொஞ்சம் மடங்கும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து இறங்கி முன்னால் வந்து கால் ஊன்ற வேண்டும். இதற்குப் பழக நான்கு நாள் ஆகும்.

டேப் வைத்து அளப்பவர்களுக்கு: செருப்பில்லாமல் சுவரோடு நின்று, தரையிலிருந்து கவட்டை வரை எத்தனை செ.மீ. என்று அளந்து 0.883 ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6. கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை அந்த அளவு. அதிலிருந்து அரை செ.மீ. முன்பின் ஆகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

காத்து எவ்வளவு அடிக்கணும்? வெயில்ல வெடிச்சிடும்னு கடைக்காரர் கம்மியாதான் அடிக்கிறார்.

டயரின் பக்கவாட்டில் அதிகபட்ச அளவு அச்சடித்திருக்கும். அதைத் தாண்டாமல் இருந்தால் வெடிக்காது. 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்த டயர் 30 டிகிரி சூடேறினாலும் கூடுவது சுமார் 7 பி.எஸ்.ஐ.தான். வெடித்த டியூப்களில் பெரும்பாலானவை ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் சிக்கி வெடித்தவை.

70 முதல் 75 கிலோ எடை உள்ளவருக்கு: 27.5×2.1 டயருக்கு 35–45, 700×35க்கு 50–60, 700×28க்கு 75–85 பி.எஸ்.ஐ. முன் சக்கரத்துக்கு 5 குறைவாக வைக்கலாம். வாரம் ஒருமுறை அடியுங்கள், ஓட்டாவிட்டாலும் டியூப் வழியாகக் காற்று கசியும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம், 30க்கும் 50க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலேயே அடித்துக்கொள்ளலாம். மெல்லிய வால்வு என்றால் நுனியில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தி, ஒரு தடவை அமுக்கிவிட்டுத்தான் பம்ப் மாட்ட வேண்டும்.

மாசத்துக்கு மூணு பஞ்சர். டயரை மாத்தணுமா?

முதலில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் ஒற்றைப் புள்ளி என்றால் முள். நம் பக்கத்தில் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும்தான். பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக வைத்துக் குழியில் இறக்கியிருக்கிறீர்கள், மேலே சொன்ன அளவுக்கு அடியுங்கள். ரிம் பக்கம் உள்புறமாக ஓட்டை என்றால் ரிம் டேப் விலகி ஸ்போக் முனை குத்துகிறது. டயரை மாற்றினாலும் இது நிற்காது.

ஒட்டும்போது அவசரம் வேண்டாம். ஓட்டையைச் சுற்றி, பேட்சைவிட அகலமாக உப்புத்தாள் தேய்த்து டியூபின் பளபளப்பை எடுங்கள். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். ஈரப் பளபளப்பு போன பிறகுதான் பேட்சை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டிய பேட்ச் இரண்டாம் நாள் ஓரம் கிளம்பும்.

பலர் மறப்பது: டியூபை எடுத்ததும் டயரின் உள்பக்கம் முழுவதும் விரலால் மெதுவாக ஒரு சுற்று தடவ வேண்டும். கருவேல முள்ளின் நுனி ஒடிந்து உள்ளேயே நிற்கும். வெளியே ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரியும். அதைப் பிடுங்காமல் மூடினால் அடுத்த 5 கி.மீ.யில் மறுபடியும் பஞ்சர். டியூபில் கொஞ்சம் காற்று ஊதி வடிவம் வந்தபின் உள்ளே வைத்து, வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வு பக்கம் முடியுங்கள். கடைசி நாலு அங்குலம் ஏறவில்லையென்றால் டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வாருங்கள், கை பலத்திலேயே ஏறும். லீவர் வைத்து நெம்பினால் புது டியூபிலும் ஓட்டை.

21 கியர் இருக்கு. எதை எப்ப போடறதுன்னே புரியல.

இடது கை முன் பல்சக்கரம், வலது கை பின் பல்சக்கரம். சமதளத்தில் இடது 2இல் வைத்து வலது கையை மட்டும் பயன்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது. மேடு கண்ணில் பட்டதும், மிதி கனக்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது முழு பலத்தோடு மிதித்தபடி மாற்றினால் செயின் கழலும், சில சமயம் கண்ணியே அறும். இடது 3 வலது 1, இடது 1 வலது 7 இரண்டும் செயினைக் கோணலாக இழுக்கும், தவிர்த்துவிடுங்கள்.

சரியான கியரா என்று தெரிய, வலது முட்டி 15 விநாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 18 முதல் 22 என்றால் சரி. 14க்குக் கீழே போனால் கியரைக் குறையுங்கள்.

ரெண்டு வாரமா முட்டி வலி. விட்டுடலாமா?

முட்டிச் சில்லுக்கு முன்னால் வலித்தால் சீட்டு தாழ்வு, இல்லையென்றால் கனத்த கியரில் மிதிக்கிறீர்கள். முட்டிக்குப் பின்னால் நரம்பு இழுத்தால் சீட்டு உயரம். மேலே சொன்ன அளவை மறுபடி பாருங்கள், ஒரு நேரத்தில் 5 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். உள்ளங்கை மரத்துப் போனால் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கும், அதனால் உடம்பு கையில் வந்து விழும். வீக்கம் இருந்தாலோ, ஓட்டாத நாளிலும் வலித்தாலோ டாக்டரிடம் போக வேண்டும்.

சீட்டு வலிக்கு ஜெல் கவர் போட்டா சரியாயிடுமா?

ஆகாது, 20 கி.மீ.க்கு மேல் ஜெல் பிதுங்கி இன்னும் உறுத்தும். பேட் வைத்த ஷார்ட்ஸ் போடுங்கள், அதற்குள் ஜட்டி போடக் கூடாது, தையல்தான் உராய்ந்து புண்ணாக்குகிறது. பெண்களுக்கு இடுப்பெலும்பு அகலம் என்பதால் சற்றே அகன்ற சீட்டு தனியாகக் கிடைக்கிறது. சுடிதாரோடு ஓட்டுவதானால் துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, வலது காலின் பேன்ட் முனையை ரப்பர் பேண்டால் கட்டுங்கள்.

ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரி ஜாலியா வந்துட்டேன். திரும்பும்போது சூளகிரியில பஸ் ஏற வேண்டியதாப்போச்சு. ஸ்டாமினா கம்மியா?

ஸ்டாமினா குறையில்லை, ஊரின் அமைப்பு அப்படி. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டரை ஒட்டி இருக்கிறது, கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டி. 50 கி.மீ. வந்ததில் 400 மீட்டர் இறங்கியிருக்கிறீர்கள். திரும்பும்போது மேலுமலை ஏற்றத்தில் அதற்கு வட்டியோடு கொடுக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேல்காற்று வேறு முகத்தில் அடிக்கும்.

அதனால் ஏற்றத்தை முதலில் முடிக்கும் வழியையே தேர்ந்தெடுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் ராயக்கோட்டைப் பக்கம் ஏறிவிட்டு இறங்கி வரலாம். ஓசூர்க்காரர்கள் தளி, கெலவரப்பள்ளி அணைப் பக்கம் மேட்டிலேயே சுற்றலாம். கட்டாயம் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், போக ஆன நேரத்தைப் போல ஒன்றரை மடங்கைத் திரும்பி வர ஒதுக்குங்கள்.

பெரிய ரோட்டுல ஓட்டலாமா? லாரி பயமா இருக்கு.

பயம் நியாயமானது. தேசிய நெடுஞ்சாலை 44இல் சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதில் போங்கள், ஆனால் எதிர்த்திசையில் வரும் பைக்கை எதிர்பார்த்தே ஓட்டுங்கள். சர்வீஸ் ரோடு முடிந்து மெயின் ரோட்டில் சேரும் இடம்தான் ஆபத்து, அங்கே நின்று திரும்பிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். தொப்பூர் கணவாய் வேண்டவே வேண்டாம். இறக்கத்தில் லாரிகளுக்கு பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் இடம் அது. இந்தூர், பென்னாகரம், பாலக்கோடு, ராயக்கோட்டை ரோடுகளில் காலை எட்டு வரை நிம்மதியாக ஓட்டலாம்.

டிசம்பர், ஜனவரியில் கிராமத்து ரோடுகளில் வேறொரு தொல்லை: கேழ்வரகுக் கதிரைத் தாரோட்டிலேயே பரப்பி வண்டிகளை ஏறவிட்டு அடிப்பார்கள். அடியில் தானியம் மணல் மாதிரி உருளும். விளிம்பில் வைத்த கல் கேழ்வரகுத் தாளுக்குள் மறைந்திருக்கும். முன் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும், திருப்பினாலும் வழுக்கும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து நேராகப் போங்கள், நீளமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். தாள் பின் கியரில் சுற்றிக்கொண்டால் மிதிக்காமல் நிறுத்திக் கையால் எடுங்கள். இழுத்து மிதித்தால் கியரைத் தாங்கும் அலுமினியக் கொக்கி வளையும்.

பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் போகணும்னு ஆசை. போகலாமா?

போகலாம், 16 கி.மீ.தான். ஆனால் கடைசியில் காட்டு வழி இறக்கம். ஒகேனக்கல் 250 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, அதனால் சூளகிரி கேள்வியில் சொன்ன அதே வட்டிக் கணக்கு இங்கேயும். காலை ஏழுக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் திரும்ப ஏற ஆரம்பியுங்கள். மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வெயிலில் ஏறியவர்கள் பாதியில் குட்டி யானை வண்டியைத் தேடியிருக்கிறார்கள். மீனைப் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அமுக்கிப் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். புது டிஸ்க் பிரேக் என்றால் முந்தின வாரமே வேகமாக ஓட்டி மெதுவாக்குவதை 20, 30 தடவை செய்து பேடைப் பதமாக்குங்கள்.

நிஜ யானையும் உண்டு. இந்த வழியிலும், தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி ரோடுகளிலும் விடிவதற்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் இருக்கக் கூடாது. கேழ்வரகு முற்றும் காலத்தில் கூட்டமாக இறங்கும். தூரத்தில் தெரிந்தாலே நின்று சத்தமில்லாமல் திரும்புங்கள். மணியடிக்க வேண்டாம், விளக்கடிக்க வேண்டாம், போன் எடுக்கவே வேண்டாம்.

ஷிஃப்ட் வேலை. எப்ப ஓட்டறது? நைட் முடிச்சிட்டு அப்படியே ஓட்டிடலாமா?

நைட் முடித்த காலையில் வேண்டாம். கண் திறந்திருக்கும், கவனம் இருக்காது. தூங்கி எழுந்து மாலை நாலரைக்கு ஓட்டுங்கள். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கும் அதே மாலை நேரம்தான். இரண்டு மணி ஷிஃப்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், காலை ஆறு முதல் எட்டு முழுக்க அவர்களுடையது. ஷிஃப்ட் மாறும் வாரத்தின் முதல் இரண்டு நாள் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

காலையில களி சாப்பிட்டு ஓட்டினா தெம்பா இருக்குமா?

களி செரிக்க மூன்று மணி நேரமாவது ஆகும். ஓட்டி முடித்த பிறகு சாப்பிடுங்கள், மோர் கலந்த கூழ் இன்னும் நல்லது. ஒரு மணி நேர ஓட்டத்துக்குத் தண்ணீர் மட்டும் போதும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலை மிட்டாயும், அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீரும். ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை முழு ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் போட்டு உப்பாகக் குடித்தால் தாகம்தான் கூடும்.

நாய் துரத்துது, வேகமா மிதிச்சா இன்னும் துரத்துது.

ஓடுவதைத்தான் துரத்தும். நிறுத்தி இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, அதட்டி, நடந்து கடந்துவிடுங்கள். கடித்தாலோ பல் பட்டுச் சிராய்த்தாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கையில் போடும் ஊசி 0, 3, 7, 28ஆம் நாட்களில். காயம் ஆறிவிட்டதென்று மூன்றாவதோடு நிறுத்தாதீர்கள்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன், கறுப்பா களிம்பாயிடுச்சு.

தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடிக்கும், ஓசூர் மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும். துணியால் துடைத்து, செயின் ஆயிலை ஒவ்வொரு கண்ணி உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதை முழுக்கத் துடையுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். 150–200 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றே.

தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு அடி ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவை 0இல் வைத்தால் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு நிற்க வேண்டும். 1.5 மி.மீ. தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 3 மி.மீ. ஆகும் வரை விட்டால் பின் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

200 கி.மீ. பிரெவே போகணும். 80 கி.மீ. ஓட்டறேன், முடியுமா?

பிரெவே என்பது நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர ஓட்டம். 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள், நிற்கும் நேரமும் அதில் சேரும். சராசரி மணிக்கு 14.8 கி.மீ. ஓடும்போது 20இல் போனால் 10 மணி நேரம் ஆகும், மீதி மூன்றரை மணி சாப்பாட்டுக்கும் பஞ்சருக்கும். 80ஐ நிம்மதியாக முடிப்பவர் 100, 120, 140 என்று மூன்று நீள ஓட்டம் போட்டுவிட்டுப் போகலாம். அதில் ஒன்றாவது ஓசூர் – கிருஷ்ணகிரி போய் வருவதாக இருக்கட்டும், திரும்பி ஏறும் பாதியில் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

தோற்பவர்களில் பலர் கால் ஓயாதவர்கள். கன்ட்ரோல் புள்ளிகளில் (வழியில் வந்து போனதைப் பதிவு செய்யும் இடங்கள்) 40 நிமிடம் உட்கார்ந்துவிடுகிறார்கள். இட்லி வாங்கும்போதே பாட்டிலை நிரப்பி, 15 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். முன் விளக்கு, பின் விளக்கு, ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டியூப், பேட்ச், பம்ப், முந்தின கேள்வியில் சொன்னபடி அளந்த செயின் இவற்றையும் முந்தின வாரமே சரிபாருங்கள். புது சீட்டையும் புது ஷூவையும் அன்றைக்கு முதல்முறையாகப் போட வேண்டாம்.